ஒயின் கோப்பைக்கும் உண்டு டாலரன்ஸ்!

தலைப்பைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, மாணவர் மன்ற மலரில் மது விளம்பரமா?" என்று யாரும் புருவத்தை உயர்த்த வேண்டாம். ஒயினை நான் வாயில் வைத்ததும் இல்லை, வைக்கச் சொல்லி எழுதவும் இல்லை. நான் எழுத வந்தது கோப்பையைப் பற்றி மட்டுமே. உள்ளே இருப்பது எதுவானாலும், வெளியே இருப்பது நம்ம சப்ஜெக்ட்தானே!

இதற்குப் பின்னால் ஒரு சின்னக் கதை உண்டு. முதலாம் ஆண்டு பிராக்டிகலில் ஒரு மைல்ட் ஸ்டீல் துண்டை 50 மி.மீ.க்கு ராவிக் கொடுக்க வேண்டும். வேர்த்து விறுவிறுத்து ராவி, கையில் கிடைத்த வெர்னியரில் அளந்தேன். கச்சிதமாக 50! பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் தன்னுடைய வெர்னியரை வைத்தார். 49.8. மார்க் போச்சு! என் வெர்னியரில் 0.2 ஜீரோ எரர். பக்கத்து வைஸில் நின்ற நண்பனுக்கு நல்ல வெர்னியர் கிடைத்தது, அவன் தப்பித்தான். மற்றபடி அவன் வேலை என் வேலையைவிட உசத்தி இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். "வேலையை அளக்கறதுக்கு முன்னாடி கருவியைப் பார்த்தியா?" என்று சார் கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு டிராயிங்கைப் பார்த்தபோது அந்த ஞாபகம் திரும்ப வந்தது. அது ஒயின் சுவைக்கும் கோப்பையின் டிராயிங். ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் ± போட்டிருந்தது. 'குடிக்கிற கோப்பைக்கு எதற்கய்யா இத்தனை டாலரன்ஸ்?' என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

மூக்குக்கு ஒரு கருவி

நம் நாக்குக்கு அடிப்படையாகத் தெரிந்தது ஐந்தே சுவைதான்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் ஜப்பானியர் 'உமாமி' என்று பெயர் வைத்த ஒன்று. 'ருசி' என்று நாம் சொல்வதில் மீதிப் பெரும்பங்கு மூக்கின் வேலை. ஜலதோஷம் பிடித்தால் ரசம் வெறும் சுடுநீராகத் தெரிகிறதே, அதுதான் காரணம்.

பிரான்ஸில் ஓர் ஊரின் பெயரைப் போட்டு ஒயின் விற்க வேண்டுமானால் அதற்குக் கடுமையான விதிகள் உண்டு. அதைக் கவனிக்க 1935-ல் தோன்றிய அமைப்புதான் பிற்பாடு ஐ.என்.ஏ.ஓ. என்று பெயர் பெற்றது. சுவைப்பவர்கள் முகர்ந்து, சுவைத்து முடிவு சொல்கிறார்கள். ஒருவர் கையில் அகலக் கோப்பை, இன்னொருவர் கையில் குறுகிய கோப்பை என்றால் என்ன ஆகும்? ஒரே ஒயின் இரண்டு விதமாக மணக்கும். வருடம் முழுக்கப் பாடுபட்ட விவசாயியின் சரக்குக்குக் கோப்பை தீர்ப்பு எழுதிவிடும். என் வெர்னியர் எனக்கு எழுதிய மாதிரி!

ஆகவே, எல்லோருக்கும் ஒரே கோப்பை வேண்டும் என்று 1970-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு வடிவத்தை முடிவு செய்தார்கள். 1977-ல் அதையே உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. '3591' என்ற எண்ணில் தரமாக வெளியிட்டது.

அளவுகளைப் பார்ப்போமா?

மொத்த உயரம் 155 மி.மீ., அதில் கிண்ணம் 100, காலும் அடித்தட்டும் சேர்ந்து 55. கிண்ணத்தின் மிக அகலமான இடம் 65 மி.மீ., வாய் 46 மி.மீ., இரண்டுக்கும் டாலரன்ஸ் ± 2. சுவரின் தடிமன் 0.8 மி.மீ., அதற்கு ± 0.1. மொத்தக் கொள்ளளவு 215 ± 10 மி.லி. ஆனால் ஊற்ற வேண்டியது 50 மி.லி. மட்டுமே! 'இதென்ன கஞ்சத்தனம்?' என்று தோன்றும். காரணம் இருக்கிறது.

உருவம், மேல்பக்கம் வெட்டிய முட்டை. இதை நீள்வட்டம் என்று எடுத்துக்கொண்டு நான் கொள்ளளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தரம் சொல்லும் 215 மி.லி.யைவிடக் கூடுதலாக வந்தது. ஏன் கூடுகிறது? நிஜ முட்டை நீள்வட்டத்தைவிட அடியில் கொஞ்சம் குறுகும். சும்மா இருக்கும்போது நீங்களும் இன்டக்ரேஷன் போட்டுப் பாருங்கள், பரீட்சைக்கும் ஆகும்!

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருவோம். 46-ஐயும் 65-ஐயும் வர்க்கப்படுத்தி வகுத்தால் 0.5 வருகிறது. அதாவது வாயின் பரப்பு, வயிற்றின் பரப்பில் சரிபாதி. 50 மி.லி. ஊற்றினால் திரவ மட்டம் அகலமான இடத்துக்குக் கீழேயே நின்றுவிடும். கோப்பையைச் சுழற்றினால் ஒயின் சுவரில் ஏறி மெல்லிய படலமாகப் பரவுகிறது. பரப்பு கூடினால் ஆவியாதல் கூடும் என்பது நாம் படித்த பாடம். அப்படிக் கிளம்பிய ஆவி, மேலே குறுகும் வாயைத் தாண்டிச் சட்டென்று ஓடிவிட முடியாது. காலியாக விட்ட 165 மி.லி. இடம் மணத்தைச் சேர்த்து வைக்கும் அறை. கஞ்சத்தனம் இல்லை நண்பர்களே, அதுவும் டிசைன்தான்!

கால் எதற்கு? கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஒயினுக்கு ஏறிவிடும், ஆவியாகும் வேகம் மாறிவிடும். கண்ணாடி ஏன் நிறமற்றது? ஒயினின் நிறத்தையும் தெளிவையும் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் இப்படி ஒரு 'ஏன்' இருக்கிறது.

சுழற்றிய பிறகு சுவரில் சொட்டுச் சொட்டாக வழிவதைப் பார்த்து 'தரமான ஒயின்' என்று தலையாட்டுவோர் உண்டு. அது தரமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாவதால் படலத்தின் பரப்பு இழுவிசை கூடுகிறது, திரவம் மேலே இழுக்கப்பட்டுச் சொட்டுகிறது. 1855-லேயே ஜேம்ஸ் தாம்சன் இதை விளக்கிவிட்டார்.

ஒன்றா, பத்தா?

அதே காலத்தில் ஆஸ்திரியாவில் வேறொரு வழியில் போனார் கிளாஸ் ரீடல். தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடித் தொழில் செய்த குடும்பம். பூ வேலையும் வெட்டு வேலையும் நிறைந்த கோப்பைகளை ஒதுக்கி, மெல்லிய, வெறுமையான கிண்ணத்தை வடித்தார். பர்கண்டி ஒயினுக்கென்று 1958-ல் பெரிய கோப்பை ஒன்று வந்தது. 1973-ல் 'சொம்மலியே' என்ற வரிசை வந்தது. ஒயின் வகைக்கு ஒரு வடிவம்! ஐ.எஸ்.ஓ. 'எல்லாவற்றுக்கும் ஒன்று' என்றது. ரீடல் 'ஒவ்வொன்றுக்கும் ஒன்று' என்றார்.

யார் சொன்னது சரி? என்னைக் கேட்டால், இரண்டும் வேறு வேறு வேலை. நீதி சொல்ல ஒரே அளவுகோல் வேண்டும். ரசிப்பதற்கு அது கட்டாயம் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. 'இந்த வடிவம் ஒயினை நாக்கின் நுனிக்கு அனுப்பும், அங்கேதான் இனிப்புத் தெரியும்' என்ற விளக்கம் ரொம்ப நாள் சொல்லப்பட்டது. நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்ற நாக்கு வரைபடத்தைப் பள்ளிக்கூடத்தில் நானும் கலர் பென்சிலால் வரைந்து 'வெரி குட்' வாங்கியிருக்கிறேன்! 1901-ல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் கண்டது மிகச் சிறிய வித்தியாசம்தான். 1942-ல் போரிங் என்பவரின் நூலில் வந்த வரைபடத்தால் அது பெரிய வித்தியாசமாகப் புரிந்துகொள்ளப்பட்டது. 1974-ல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி சோதித்து, வித்தியாசம் உண்டு, ஆனால் அற்பம் என்று காட்டினார். எல்லாச் சுவையும் நாக்கில் எல்லாப் பக்கமும் தெரியும். சந்தேகம் இருந்தால் நுனி நாக்கில் ஒரு துளி பாகற்காய்ச் சாறு வைத்துப் பாருங்கள்!

அப்படியானால் வடிவம் என்பதே புரளியா? அதுவும் இல்லை. 2015-ல் டோக்கியோவில் மிட்சுபயாஷி குழுவினர் ஆல்கஹால் ஆவியைப் படம் பிடித்தார்கள். நொதி ஏற்றிய வலை ஒன்றைக் கோப்பையின் வாய்மேல் வைத்தால், ஆவி பட்ட இடம் ஒளிரும், கேமரா அதைப் பதிவு செய்யும். 13 டிகிரி செல்சியஸில் ஒயின் கோப்பையின் விளிம்பில் ஆவி வளையமாக நின்றது, நடுவில் குறைவாக இருந்தது. ஆக, நடுவில் முகர்ந்தால் ஆல்கஹாலின் நெடி மற்ற மணத்தை அமுக்காது. 25 டிகிரியில் அந்த வளையம் இல்லை. நேர்ச்சுவர்க் கோப்பையிலும் இல்லை. வடிவத்துக்கு வேலை உண்டு, ஆனால் அந்த வேலை நாக்கில் அல்ல, மூக்குக்கு முன்னால்!

இந்தக் கதையில் நான் கற்றது இரண்டு. ஒன்று, தீர்ப்புச் சொல்லும் கருவி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், முதலில் அதையே அளந்து பார்க்க வேண்டும். இரண்டு, 'ஏன் இந்த அளவு?' என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். 'எல்லோரும் சொல்றாங்க' என்பது பதில் ஆகாது.

போன மாதம் ஜூனியர் தம்பி ஒருவன் ராவ ஆரம்பிக்கும் முன், வெர்னியரின் தாடைகளை ஒட்டவைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "யாருடா சொல்லிக்கொடுத்தது?" என்றேன். "நீங்கதாண்ணே" என்றான். போன மார்க் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு