சுற்றுலா விசாவும் தொலைதூரப் பணியும்

ஒருவர் எந்த நாட்டில் அமர்ந்து உழைக்கிறாரோ அந்த நாட்டிலேயே அவருக்கு ஊதியம் அளிப்பவரும் இருப்பார் என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டே உலக நாடுகளின் குடிவரவுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சுற்றிப் பார்க்க வருபவருக்கு ஒரு விசா. வேலை செய்ய வருபவருக்கு வேறொரு விசா. முன்னவர் செலவு செய்ய வருகிறார்; பின்னவர் சம்பாதிக்க வருகிறார். இந்தப் பாகுபாடு நெடுங்காலம் தெளிவாகவே இருந்து வந்தது.

மடிக்கணினியும் இணையமும் இப்பாகுபாட்டை மங்கச் செய்துவிட்டன. பெங்களூரிலுள்ள நிறுவனம் ஒன்றின் மென்பொருளாளர் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் அறை எடுத்துத் தங்கி, அங்கிருந்தவாறே தம் அன்றாடப் பணியைச் செய்ய இயலும். அவர் தாய்லாந்து நாட்டவர் எவருடைய வேலையையும் பறிக்கவில்லை. அந்நாட்டு நிறுவனம் எதனிடமும் ஊதியம் பெறவில்லை. ஆயினும், அவர் அங்கு உழைக்கிறார் என்பதும் உண்மையே. இத்தகையோரைக் குறிக்கும் ‘டிஜிட்டல் நாடோடி’ என்னும் தொடர், 1997 ஆம் ஆண்டில் சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்சும் இணைந்து எழுதிய நூலின் தலைப்பாக அமைந்து பரவலாயிற்று. 2020 ஆம் ஆண்டின் கொரோனா பெருந்தொற்று வீட்டிலிருந்தே பணி செய்யும் வழக்கத்தைப் பெருக்கியபோது, அருகிக் காணப்பட்ட இவ்வாழ்க்கை முறை அரசுகள் கவனிக்க வேண்டிய பொருளாயிற்று.

சுற்றுலாப் பயணி யார்?

1954 ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் உருவான சுற்றுலாச் சுங்கச் சலுகைகள் பற்றிய உடன்படிக்கை, 24 மணி நேரத்திற்குக் குறையாமலும் பன்னிரண்டு மாத காலத்தில் ஆறு மாதங்களுக்கு மிகாமலும், குடியேறும் நோக்கமின்றி ஒரு நாட்டில் தங்குபவரே சுற்றுலாப் பயணி என்று வரையறுத்தது. ஐக்கிய நாடுகள் சபையின் 2008 ஆம் ஆண்டுச் சுற்றுலாப் புள்ளியியல் பரிந்துரைகளோ, செல்லும் நாட்டிலுள்ள நிறுவனம் ஒன்றில் வேலைக்கு அமர்வதைத் தவிர வேறெந்த முதன்மை நோக்கத்துடனும் ஓராண்டுக்குக் குறைவாகத் தங்குபவரை வருகையாளர் என்றே கொள்கின்றன. இவ்விலக்கணப்படி, மேலே கூறிய மென்பொருளாளர் வருகையாளரே.

ஆனால், புள்ளியியல் இலக்கணம் வேறு. குடிவரவுச் சட்டம் வேறு. பல நாடுகளின் சட்டங்கள் ‘வேலை’ என்னும் சொல்லைப் பொதுவாகவே ஆள்கின்றன. ஊதியம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று அவை பிரித்துப் பார்ப்பதில்லை. எனவே, சுற்றுலா விசாவில் சென்று தங்கும் அறையில் மடிக்கணினியைத் திறந்து பணி செய்பவர், கண்டிப்பாகப் பார்த்தால், விசாவின் நிபந்தனையை மீறியவராகக் கருதப்படலாம். அதிகாரிகள் இதனைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை என்பது நடைமுறை. கண்டுகொள்ளாமை வேறு, அனுமதி வேறு என்பதே இங்கு நினைவிற் கொள்ள வேண்டியது.

நாட்களின் கணக்கு

நெடுநாள் தங்க விரும்புவோர் முதலில் எதிர்கொள்வது நாட்களின் வரம்பு. ஐரோப்பாவின் 29 நாடுகள் அடங்கிய ஷெங்கன் பகுதியில், எந்த 180 நாட் காலத்தை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் தங்குதல் கூடாது. ஜனவரி 1 ஆம் நாள் நுழைந்து மார்ச் 31 ஆம் நாள் வெளியேறும் ஒருவர், சாதாரண ஆண்டில் தம் 90 நாட்களையும் முடித்துவிடுகிறார். விசா செல்லத்தக்கதாக இருப்பினும், அவர் ஜூன் 30 ஆம் நாளுக்கு முன் மீண்டும் நுழைய இயலாது. இடையில் அண்டை நாடொன்றுக்குச் சென்று திரும்புவதால் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. 2025 அக்டோபர் 12 ஆம் நாள் தொடங்கப்பட்ட புதிய எல்லைப் பதிவு முறை, பயணிகளின் கைரேகையையும் முகப் படத்தையும் கணினியில் பதிந்து, தங்கிய நாட்களைத் தானே கணக்கிடுகிறது. முத்திரைகளை எண்ணுவதில் அதிகாரி தவறக்கூடும் என்று எவரும் இனி நம்பியிருக்க முடியாது.

தாய்லாந்தில் நிலைமை வேறு விதமாக இருந்தது. எல்லையைக் கடந்து அன்றே திரும்பி, புதிய அனுமதி பெற்று மாதக்கணக்கில் தங்குவது அங்கு வழக்கமாயிருந்தது. 2014 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு இதனைக் கட்டுப்படுத்த முற்பட்டது. அனுமதிக் காலத்தை மீறித் தங்குவோருக்கு நாளொன்றுக்கு 500 பாட் வீதம் 20,000 பாட் வரை அபராதம் என்பதோடு, 2016 முதல், 90 நாட்களுக்கு மேல் மீறியவர் ஓராண்டும் அதற்கு மேலும் மீண்டும் நுழையத் தடையும் விதிக்கப்படலாயிற்று.

தனி விசாக்கள் தோன்றுதல்

தடுப்பதைக் காட்டிலும் முறைப்படுத்துவது பயன் தரும் என்று பல அரசுகள் உணர்ந்தன. 2020 ஜூலையில் கரீபியக் கடல் நாடான பார்படாஸ் ஓராண்டு தங்கும் அனுமதியை அறிவித்தது. ஆண்டு வருமானம் 50,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வாண்டு ஆகஸ்டில் எஸ்டோனியா இத்தகையோருக்கெனத் தனி விசாவை ஏற்படுத்தியது. போர்ச்சுகல், மலேசியா ஆகியன 2022 ஆம் ஆண்டிலும், ஸ்பெயின் 2023 ஆம் ஆண்டிலும், தென்கொரியாவும் ஜப்பானும் 2024 ஆம் ஆண்டிலும் இவ்வழியைப் பின்பற்றின. 2024 ஜூலையில் தாய்லாந்து வழங்கத் தொடங்கிய விசா ஐந்தாண்டுகள் செல்லும்; ஒவ்வொரு வருகையிலும் 180 நாட்கள் தங்கலாம்; 5 லட்சம் பாட் கையிருப்பைக் காட்ட வேண்டும்.

வேறு சில நாடுகள் தனி விசா உண்டாக்காமல், வருகையாளர் விசாவின் பொருளையே விரித்துள்ளன. ஐக்கிய இராச்சியம் 2024 ஜனவரி 31 முதல், வருகையாளர் தம் அயல்நாட்டு வேலையைத் தொலைவிலிருந்து செய்வதை ஏற்றுக்கொண்டது. ஆயினும், அதுவே வருகையின் முதன்மை நோக்கமாக இருத்தல் கூடாது. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல், அயல்நாட்டு நிறுவனத்திற்காக வருகையாளர் பணி செய்ய இசைவளித்தது. 90 நாட்களுக்கு மேற்பட்டால் வரிப் பொறுப்பு எழக்கூடும் என்றும் எச்சரித்தது.

இவ்வாய்ப்புகள் எல்லா நாட்டவர்க்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. ஜப்பானின் விசா, அந்நாட்டுடன் வரி உடன்படிக்கையும் விசா விலக்கும் உடைய நாடுகளின் குடிமக்களுக்கே உரியது; வரி உடன்படிக்கை இருந்தும் விசா விலக்கு இல்லாமையால் இந்தியருக்கு அது கிட்டவில்லை. வருமான வரம்புகளும் செல்வ நாடுகளின் ஊதியத்தை மனத்திற்கொண்டு விதிக்கப்பட்டவை. ஆதலின், இந்திய இளைஞர் பலர் சுற்றுலா விசாவையே நாடுகின்றனர்.

வரிப் பொறுப்பு

விசா ஒரு சட்டம்; வரி மற்றொரு சட்டம். முன்னதில் இடர் இல்லை என்பதால் பின்னதிலும் இல்லை என்று கொள்ளலாகாது. பெரும்பாலான வரி உடன்படிக்கைகளின்படி, ஊழியர் ஒருவர் மற்ற நாட்டில் 183 நாட்களுக்கு மேற்படாமல் தங்கி, அவருக்கு ஊதியம் அளிப்பவர் அந்நாட்டவராக இல்லாமலும், அந்நாட்டிலுள்ள கிளை எதுவும் அவ்வூதியத்தை ஏற்காமலும் இருந்தால், அங்கு அவர் வரி செலுத்த வேண்டுவதில்லை. உடன்படிக்கை இல்லாத நாட்டில் இப்பாதுகாப்பு இல்லை. தாய்லாந்தில் ஓராண்டில் 180 நாட்கள் தங்குபவர் வரி நோக்கில் அந்நாட்டுக் குடியிருப்பாளராகிறார். அயல்நாட்டில் ஈட்டி அங்குக் கொண்டுவரும் வருமானம் தொடர்பான விதியும் 2024 முதல் கடுமையாக்கப்பட்டது. அதே நாட்டின் புதிய விசா ஒரு வருகைக்கு அளிக்கும் காலமும் 180 நாட்களே என்பதை நோக்குக. முழுக் காலத்தையும் ஒரே ஆண்டில் பயன்படுத்துபவர் வரி எல்லையைத் தொட்டுவிடுகிறார்.

இந்தியாவிலோ, ஒரு நிதியாண்டில் 182 நாட்கள் இங்கிருப்பவர் குடியிருப்பாளர். உலகின் எப்பகுதியில் ஈட்டிய வருமானத்திற்கும் அவர் இங்கு வரி செலுத்தக் கடமைப்பட்டவர். அவ்வாண்டில் 60 நாட்களும் முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாட்களும் இங்கிருந்தவரும் அவ்வாறே கருதப்படுகிறார். வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகனுக்கு இந்த 60 நாள் விதியிலிருந்து தளர்வு உண்டு. சுற்றுலாவுக்கெனச் சென்றதாகக் கடவுச்சீட்டு காட்டும்போது, வேலைக்காகவே சென்றதாக வரி அதிகாரியிடம் கூறுவது எளிதன்று. ஒரே பயணத்திற்கு இரு அலுவலகங்களில் இரு காரணங்கள் கூற நேரும் இடர் இதுவேயாகும்.

நிறுவனங்களுக்கும் இதில் கவலை உண்டு. ஊழியர் நெடுநாள் அமர்ந்து பணி செய்யும் இடமே நிறுவனத்தின் நிலையான தொழிலகமாகக் கருதப்பட்டு, அதன் இலாபத்தின் ஒரு பகுதிக்கு அந்நாடு வரி கோரக்கூடும். சமூகப் பாதுகாப்பிலும் இத்தகைய இடைவெளி உள்ளது. ஜெர்மனி, பிரான்சு, ஜப்பான் முதலிய நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட உடன்பாடுகளின்படி, வருங்கால வைப்புநிதி நிறுவனம் அளிக்கும் சான்றிதழ் இருமுறை சந்தா செலுத்துவதைத் தவிர்க்க உதவுகிறது. எனினும், அது நிறுவனத்தால் முறைப்படி அனுப்பப்படுவோரைக் கருதியே அமைந்தது. தம் விருப்பத்தால் சென்றவரைக் கருதியன்று.

இந்தியாவுக்கு வருவோர்

கோவா, தர்மசாலா, ரிஷிகேசம் முதலிய இடங்களுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் அயல்நாட்டவரிடையேயும் தொலைவிலிருந்து பணியாற்றுவோர் உண்டு. 2014 நவம்பரில் தொடங்கிய மின்னணு விசா முறை இன்று 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என மூவகைச் சுற்றுலா விசாக்களை அளிக்கிறது. நெடுங்கால விசா உடையோரும் ஓர் ஆண்டில் மொத்தம் 180 நாட்களுக்கு மேல் தங்க இயலாது. இந்தியாவில் தொலைப்பணியாளருக்கெனத் தனி விசா ஏற்படுத்தப்படவில்லை. வேலை விசா இங்குள்ள நிறுவனத்தில் பணிபுரிவோருக்கு உரியது. சுற்றுலா விசா கேளிக்கைக்கும் காட்சிகளைக் காண்பதற்கும் உரியது. அயல்நாட்டு நிறுவனத்தின் பணியை இங்கிருந்து செய்பவர் இவ்விரண்டிலும் சரிவரப் பொருந்துவதில்லை. 1946 ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டம் முதலிய பழைய சட்டங்களுக்கு மாற்றாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடிவரவு மற்றும் அயல்நாட்டவர் சட்டத்தின் கீழ் இவ்வினாவுக்கு விடை காண இடமுண்டு.

சிக்கிம் மாநிலம் 2025 ஆம் ஆண்டில் பாக்யாங் மாவட்டத்தின் யாக்தென் சிற்றூரைத் தொலைப்பணியாளருக்கான கிராமமாக அறிவித்தது. சுற்றுலாப் பருவம் முடிந்தபின் வெறுமையாகக் கிடக்கும் இல்லத் தங்குமிடங்களுக்கு ஆண்டு முழுதும் வருவாய் கிடைக்கச் செய்வதே இதன் நோக்கம். ஒருவார விருந்தினரைக் காட்டிலும் மூன்று மாதம் தங்குபவர் உள்ளூர்க் கடைகளிலும் வண்டிகளிலும் செலவிடுவது சீரானது என்பதே இதன் பொருளாதாரம்.

நாணயத்தின் மறுபக்கம்

அயல்நாட்டு ஊதியத்துடன் வருபவர், உள்ளூர்க் குடியிருப்பவரால் கொடுக்க இயலாத வாடகையைக் கொடுக்க முடியும். மெக்சிகோ நகரின் சில பகுதிகளில் வாடகை உயர்ந்து பழைய குடித்தனக்காரர்கள் வெளியேற நேர்ந்ததை எதிர்த்து, 2025 ஜூலையில் மக்கள் தெருவில் இறங்கினர். பார்சலோனா நகராட்சி, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் குடியிருப்புகளின் உரிமங்களை 2028க்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக 2024 இல் அறிவித்தது. கோவாவின் கடற்கரைச் சிற்றூர்களும் மலைநாட்டு ஊர்களும் இப்படிப்பினையைக் காலம் தாழ்த்தாமல் கற்றுக்கொள்ளுதல் நலம். வருவோரின் எண்ணிக்கையை மட்டுமன்றி, உள்ளூர் வாடகை, குடிநீர், கழிவகற்றல் ஆகியவற்றையும் அளந்து திட்டமிடல் வேண்டும்.

செய்யத்தக்கன

வெளிநாடு செல்லும் தொலைப்பணியாளர் புறப்படுமுன் மூன்று கணக்குகளைத் தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்: விசா அனுமதிக்கும் செயலும் நாட்களும், இரு நாடுகளிலும் எழக்கூடிய வரி, நோயுற்றால் உதவும் காப்பீடு. ஷெங்கன் குறுகிய கால விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டாயமில்லாத நாடுகளிலும் அது தேவையே. நிறுவனத்தின் எழுத்து மூலமான இசைவும் இன்றியமையாதது. எல்லையில் அதிகாரி வினவும்போது பொய் கூறுவது, விசா விதியை மீறுவதைக் காட்டிலும் பெரிய குற்றமாக முடியலாம்.

அரசின் கடமை, இன்று சட்டத்தின் நிழலில் நடப்பதை வெளிச்சத்திற்குக் கொணர்வது. இந்தியர்க்கும் இத்தகைய விசாக்கள் கிடைக்கும் வகையில் பிற நாடுகளுடன் பேசுவதும், இங்கு வருவோருக்குக் குறைந்தபட்ச வருமானம், காப்பீடு, பதிவு ஆகிய நிபந்தனைகளுடன் வெளிப்படையான அனுமதி அளிப்பதும் ஒன்றையொன்று வலுப்படுத்தும். உழைப்பு எல்லை கடந்துவிட்டது. உழைப்பவர் தம் பணியை மறைத்துக்கொண்டு எல்லை கடக்க வேண்டிய நிலையைச் சட்டம் நீடிக்கவிடலாகாது.