உடல் நீரை அளக்கும் விதம்

ஜொகூர் நீரிணையை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் காற்றின் ஈரப்பதம் மிகுதி என்பதால், வெயிலில் வேலை செய்பவரின் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காததால் மேலும் வியர்த்து, கடும் உழைப்பில் மணிக்கு 1 லிட்டருக்கு மேலும் நீர் வெளியேறக்கூடும். ஆயினும் மொத்த நீரளவை நேரடியாக அளக்கும் உறுப்பு எதுவும் உடலில் இல்லை. இரத்தத்தின் உப்புச் செறிவும், இதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் ஏற்படும் அழுத்தமுமே அளக்கப்படுகின்றன.

செறிவை அளப்பது மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ். வியர்வையில் உப்பைவிட நீரே கூடுதலாகப் போவதால் எஞ்சிய இரத்தம் செறிவடைகிறது, அது 1 அல்லது 2 விழுக்காடு உயர்ந்தாலே வாசோபிரசின் என்னும் இயக்குநீர் சுரந்து, சிறுநீரகம் நீரை மீட்டுக்கொள்ள, சிறுநீர் அடர்மஞ்சளாகிறது, தாகமும் எடுக்கிறது.

அழுத்தத்தின் கதை நீளமானது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டும் சிறுநீரகங்கள், தம்முள் நுழையும் நுண்தமனிகளில் அழுத்தம் குறைந்தால் ரெனின் என்னும் நொதியை வெளியிடுகின்றன. இப்பொருளை 1898இல் ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டறிந்தனர். மருத்துவ உலகம் அதைப் பல ஆண்டுகள் பொருட்படுத்தவே இல்லை. கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, வெட்டுண்ட துண்டை நுரையீரலில் மிகுந்துள்ள ஏசிஇ என்னும் நொதி ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றுகிறது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு, அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோனையும் சுரக்கவைத்துச் சோடியத்தை உடலில் தங்கவைக்கிறது. சோடியம் தங்கும் இடத்தில் நீரும் தங்கும்.

இரு அளவைகளும் முரண்படுவதும் உண்டு. நிறைய வியர்த்தவர் வெறும் நீரை மட்டும் குடித்தால் செறிவு விரைவில் சீராகித் தாகம் அடங்கிவிடும். வாசோபிரசினும் குறைவதால், இழந்த அளவு ஈடாகுமுன்பே குடித்த நீரில் ஒரு பகுதி சிறுநீராகிவிடும். உப்பிட்ட மோர் இவ்விடத்தில் வெறும் நீரைவிடப் பயன்படுவது இதனால்தான். ஆனால் மலேசியப் பெரியவர்களில் பத்துப் பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாக 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு காட்டியுள்ள நிலையில், இதை அன்றாட உணவில் உப்பைக் கூட்டுவதற்கான அனுமதியாகக் கொள்ளலாகாது.

அந்நோயாளிகள் பலர் உட்கொள்ளும் பெரிண்டோபிரில் மாத்திரை ஏசிஇ நொதியையே தடுக்கிறது. இவ்வகை மருந்துகளுக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சு. பிராடிகைனின் என்னும் பொருளைச் சிதைப்பதும் இதே நொதி என்பதால், மாத்திரை உண்ணும் சிலருக்கு அப்பொருள் தேங்கி வறட்டு இருமல் விடாது தொல்லை தருகிறது. அவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும், நொதியைத் தொடாமல் ஆஞ்சியோடென்சின் 2 சென்று பற்றும் இடத்தை மட்டும் அடைக்கும் லோசார்டான் போன்ற மருந்தை மாற்றித் தருகின்றனர்.