விமானத்தின் குணமா, கணக்கின் பிழையா?

கணினித் திரையில் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர். முன்னால் பறக்கும் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 சட்டென்று மூக்கைக் கவிழ்த்துக் கீழே பாய்கிறது. துரத்துபவரும் ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளுகிறார். என்ஜின் விக்குகிறது, அடங்குகிறது, பிறகு கரும்புகை கக்கியபடி மறுபடி பிடிக்கிறது. அதற்குள் எதிரி கைநழுவிப் போயிருப்பான். போர் விமான சிமுலேட்டருக்குப் புதிதாக வந்தவர் மென்பொருளில்தான் கோளாறு என்று நினைப்பார். கோளாறு என்பது உண்மை. ஆனால் அது 1940-ஆம் ஆண்டுக் கோளாறு.

அந்தக் காலத்து ஸ்பிட்ஃபயரில் இருந்த மெர்லின் என்ஜினுக்கு எரிபொருள் கொடுத்தது மிதவை வைத்த கார்புரேட்டர். விமானத்தைக் குப்புறத் தள்ளினால் பெட்ரோல் மிதவை அறையின் மேல்பக்கம் ஏறிக்கொள்ளும். அடியில் இருக்கும் துளைகள் வறண்டு போகும். முதல் விக்கல் அதனால் வருவது. நிலை நீடித்தால் மிதவை தடம் மாறி, எரிபொருள் அளவுக்கு மீறிப் பாய்ந்து என்ஜினுக்கு மூச்சு முட்டும். கரும்புகை அங்கிருந்து வருகிறது. மெஸ்ஸர்ஷ்மிட்டின் டைம்லர் பென்ஸ் என்ஜினில் எரிபொருள் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. பிரிட்டிஷ் விமானிகள் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, பிறகு கைப்பிடியை இழுத்துக் கீழே பாய்ந்தார்கள். அப்படிச் செய்தால் பெட்ரோல் அறையின் அடியிலேயே இருக்கும். 1941-இல் ஃபார்ன்பரோ ஆய்வகத்தின் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங், துளையிட்ட சிறு பித்தளைத் துண்டு ஒன்றை எரிபொருள் பாதையில் பொருத்தச் செய்தார். என்ஜின் முழு வேகத்தில் குடிக்கும் அளவுக்கு மேல் பெட்ரோல் போகாதபடி அது தடுத்தது. முதல் விக்கல் மிஞ்சியது. மூச்சுமுட்டல் பெரும்பாலும் நின்றது.

ஆகவே 1940-ஐக் காட்டும் சிமுலேட்டரில் என்ஜின் நிற்காவிட்டால்தான் பிழை. திரையில் விநோதமாக எது நடந்தாலும் அது மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து வரலாம்: விமானத்தின் இயல்பு, கணினியின் கணக்கு, மேசைமேல் இருக்கும் கருவி. பழுதுபார்க்கும் வேலையில் பாதி, எது எதிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவதே.

கணக்கு நடக்கும் விதம் பொதுவாக இப்படி. காற்றைச் சந்திக்கும் கோணம், வேகம், உயரம் ஆகியவற்றுக்கு ஏற்ப இறக்கை எவ்வளவு தூக்கும், காற்று எவ்வளவு இழுக்கும் என்ற எண்கள் அட்டவணைகளாக வைக்கப்பட்டிருக்கும். நொடிக்குப் பல பத்து முறை கணினி அவற்றைப் பார்த்து விசைகளைக் கூட்டி, விமானத்தை ஒரு சிறு அடி நகர்த்தும். எக்ஸ்-பிளேன் போன்ற சிமுலேட்டர்கள் இறக்கையைத் துண்டு துண்டாக வகுத்து ஒவ்வொன்றின் விசையையும் தனியே கணக்கிடும். எந்த முறையானாலும் மெர்லினின் விக்கல் தானாக வந்து சேராது. தெரிந்த ஒருவர் அதைத் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும்.

அடுத்து அதிகம் கேட்கும் புகார்: ஓடுபாதையில் விமானம் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. மெர்லின் பூட்டிய ஸ்பிட்ஃபயரின் புரொப்பெல்லர், விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். அது கிளப்பும் காற்று உடலைச் சுருளாகத் தழுவி வாலை ஒரு பக்கம் தள்ள, மூக்கு இடப்பக்கம் திரும்பும். பின்னால் வந்த கிரிஃபன் என்ஜின் எதிர்த்திசையில் சுற்றியதால் அந்த ஸ்பிட்ஃபயர்கள் வலப்பக்கம் இழுத்தன. பழைய பழக்கத்தில் தவறான பெடலை மிதித்தால் கதை கந்தல்தான். ஆனால் பழைய ஜாய்ஸ்டிக்கும் இதே மாதிரி ஒரு பக்கம் இழுக்கும். பிரித்தறிவது எளிது. உயரத்தில் பறக்கும்போது என்ஜினை அடக்கி விமானத்தை வெறுமே சறுக்க விட வேண்டும். இழுப்பு குறைந்தால் அது புரொப்பெல்லரின் வேலை. துளியும் மாறாவிட்டால் கைப்பிடியைச் சந்தேகிக்கலாம்.

மலிவான ஜாய்ஸ்டிக்குகளில் கைப்பிடியின் நிலையை அளப்பது பொட்டென்ஷியோமீட்டர். பழைய வானொலிப் பெட்டியின் ஒலிக் குமிழுக்குள் இருப்பதும் இதுதான். உள்ளே ஒரு தடத்தின்மேல் சிறு தொடுமுனை தேய்ந்தபடி நகரும். நாள்பட அந்தத் தடம் அரையும், தூசி சேரும். கணினியின் அளவீட்டுத் திரையைத் திறந்து கைப்பிடியைத் தொடாமல் பார்த்தாலே தெரிந்துவிடும்: அசையாமல் நிற்க வேண்டிய புள்ளி காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கும். காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சார்களில் உராய்வு இல்லாததால் இந்தத் தேய்மானம் இல்லை. நடுவில் சிறிது இடத்தை உணர்வற்றதாக்கும் அமைப்பு நடுக்கத்தை மறைக்கும். கூடவே, குறிபார்க்கத் தேவையான நுண்ணசைவையும் தின்றுவிடும். இன்னும் அற்பமான காரணங்களும் உண்டு. புதிதாக ஒரு பெடலைச் செருகியதும் சில மென்பொருள்கள் ஏற்கெனவே இருக்கும் கைப்பிடியின் வேலையை அதற்கும் சேர்த்துக் கொடுத்துவிடும். ஒரு சுக்கானுக்கு இரண்டு எஜமானர்கள் ஏற்பட்டு விமானம் தத்தளிக்கும். மின்சாரம் மிச்சப்படுத்த கணினி யூஎஸ்பி துளையை உறங்கவைப்பதும் நடக்கும்; சண்டை நடுவே கைப்பிடி செத்துப் போகும்.

கணக்கின் பிழைகளுக்கு வேறு முகம். புறப்பட்ட இடத்தில் சரியாக இருந்த காக்பிட், நெடுந்தூரம் பறந்தபின் அதிரத் தொடங்கினால் காரணம் என்ஜின் அல்ல. எண்களைச் சேமிக்கும் விதம். 32 பிட்டில் ஒரு தசம எண்ணைச் சேமித்தால் ஏறக்குறைய ஏழு இலக்கங்கள்தான் நம்பத்தக்கவை. வரைபடத்தின் மூலையிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பொருளின் இடத்தைச் சுமார் 8 மில்லிமீட்டர் படிகளில்தான் குறிக்க முடியும். மலைக்கு 8 மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. கண்ணெதிரே உள்ள வேகமானியின் முள்ளுக்கு அது பெரிய தாவல். விமானத்தையே மையமாக வைத்து உலகத்தை அதைச் சுற்றி நகர்த்துவது இதற்கு வழக்கமான வைத்தியம். நிறுத்தி வைத்த விமானம் தானே துள்ளிக் கவிழ்வது இன்னொரு வகை. சக்கரக் கால் விறைப்பான ஸ்பிரிங். கணக்கின் அடி பெரிதானால், அழுந்திய ஸ்பிரிங் அடுத்த கணத்தில் தேவைக்கு மேல் திருப்பி உதைக்கும். அதற்கடுத்த கணத்தில் இன்னும் பலமாக. படம் வேகமாக ஓடாத கணினியில் இது அதிகமாகத் தெரிந்தால், இயற்பியல் கணக்கும் படம் வரையும் வேகமும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று ஊகிக்கலாம்.

எதிரி கண்ணில் படுவதே இல்லை என்ற புகாருக்கு விடை திரையில் இருக்கிறது. 1920 புள்ளி அகலமுள்ள திரையில் 80 பாகை அகலக் காட்சியைக் காட்டினால் ஒரு பாகைக்கு 24 புள்ளிகள். மெஸ்ஸர்ஷ்மிட்டின் இறக்கை விரிவு 9.9 மீட்டர், 5 கிலோமீட்டர் தொலைவில் அது மூன்று புள்ளிகூடத் தேறாது. நல்ல மனிதக் கண் ஒரு பாகையை 60 கூறாகப் பிரிக்கும். அதற்கு அதே விமானம் ஏழு புள்ளி அகலம். காட்சியை 30 பாகைக்குச் சுருக்கிப் பெரிதாக்கினால் திரை கண்ணுக்கு ஈடாகும், ஆனால் பக்கவாட்டில் வருபவன் தெரிய மாட்டான். தொலைவிலுள்ள விமானங்களைச் சற்றுப் பெரிதாக வரையும் மென்பொருள்களை ஏமாற்று வேலை என்று சிலர் குறை சொல்வதுண்டு. உண்மையில் கண்ணுக்கு நேர்ந்த குறையை ஈடுகட்டும் வேலை அது.

எந்த மென்பொருளாலும் தீராத குறை உடலைப் பற்றியது. எட்வின் லிங்க் 1929-இல் அமெரிக்காவில் செய்த விமானிப் பயிற்சிப் பெட்டி, அவர் குடும்பத் தொழிலான ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளால் சாய்ந்தாடியது. 1934-இல் மோசமான வானிலையில் தபால் சுமந்த ராணுவ விமானிகள் பலர் இறந்தபின்தான் ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. உடல் சொல்வதை நம்பாதே, கருவியைப் பார் என்பதே அது கற்றுக்கொடுத்த பாடம். அந்தப் பாடத்துக்கு மேசை முன் உட்கார்ந்து ஆடும் சிமுலேட்டர் போதும். வான்சண்டை நேர் எதிர். நேராகப் பறக்கையில் மணிக்கு 120 கிலோமீட்டரில் தூக்குவிசை இழந்து (ஸ்டால் ஆகி) விழும் இறக்கை, 4 ஜி விசையில் திரும்பும்போது 240-லேயே விழும். வேக வரம்பு விசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து உயர்கிறது. மெய்யான விமானி அந்த நெருக்கத்தை இருக்கையின் அழுத்தத்திலும் கைப்பிடியின் கனத்திலும் இறக்கையின் நடுக்கத்திலும் உணர்வார். நாற்காலியில் இருப்பவருக்குக் கை நோகாது, கழுத்து கனக்காது. முழுப் பலத்தில் இழுத்துவிட்டு விமானம் சுழன்று விழுவதைப் பார்த்து வியப்பார். சலசலப்பு ஒலி, அதிரும் படம், இருளும் ஓரங்கள் எல்லாம் அந்த உணர்வுக்கு வைத்த பதிலிகள்.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும்போது காலமும் கோளாறு செய்யும். மணிக்கு 600 கிலோமீட்டரில் போகும் விமானம் 0.1 நொடியில் 17 மீட்டர் நகரும். ஸ்பிட்ஃபயரின் முழு இறக்கை விரிவே 11.2 மீட்டர்தான். செய்தி வந்து சேரும் வரை ஒவ்வொரு கணினியும் மற்ற விமானங்கள் இந்நேரம் எங்கே இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. எதிரி திடீரெனத் திரும்பினால் ஊகம் பொய்த்து, விமானம் திரையில் தாவும். சுட்டவர் கண்ணுக்குக் குண்டு பட்டது, தப்பியவர் கண்ணுக்குப் படவில்லை. இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள்.

சிமுலேட்டரின் விதிகளை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2020 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டார்ப்பா நடத்திய போட்டி காட்டியது. ஜேஎஸ்பிசிம் என்ற திறந்த மூல மென்பொருளில் ஓடிய எஃப்-16 சண்டையில், ஹெரான் சிஸ்டம்ஸின் செயற்கை நுண்ணறிவு அனுபவமுள்ள விமானி ஒருவரை 5-0 என வென்றது. எதிரியின் இடமும் வேகமும் அதற்குத் துல்லியமாகக் கொடுக்கப்பட்டிருந்தன. கழுத்தைத் திருப்பித் தேட வேண்டியதில்லை. நேருக்கு நேர் மோதுவதுபோல் பாய்ந்து சுடுவதே அதன் முக்கிய உத்தி. மோதல் அபாயம் கருதி மனித விமானிகளின் பயிற்சி விதிகள் அத்தகைய பாய்ச்சலை அனுமதிப்பதில்லை. 2023 செப்டம்பரில் எக்ஸ்-62ஏ விமானம் வழியாகச் செயற்கை நுண்ணறிவு உண்மையான வானில் மனிதர் ஓட்டிய எஃப்-16-ஐச் சந்தித்தபோது, அது அந்தப் பாதுகாப்பு விதிகளுக்குக் கட்டுப்பட்டுப் பறந்தது. காக்பிட்டில் மனித விமானிகளும் இருந்தார்கள்.