எண்ணெய்ப்பனையில் குலை நிரம்ப உதவும் கூன்வண்டு

எண்ணெய்ப்பனைத் தோப்பில் ஆண் பாளை மலர்ந்திருக்கும் நாளில் அருகே சென்று பார்த்தால், மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள கரும்பழுப்பு நிற வண்டுகள் ஆயிரக்கணக்கில் மொய்த்துக் கொண்டிருக்கும். மூக்கு நீண்டு வளைந்திருக்கும். கூன்வண்டு இனம் என்று தெரிந்ததும், தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டை நினைத்துக் கொண்டு கைத்தெளிப்பானைத் தேடத்தான் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இந்த வண்டு தோப்பில் இல்லாவிட்டால், போட்ட உரமும் பாய்ச்சிய தண்ணீரும் குலையாக மாறாது.

காரணம் இதுதான். எண்ணெய்ப்பனையில் ஆண் பாளையும் பெண் பாளையும் தனித்தனியே வருகின்றன. ஒரே மரத்தில் சில மாதங்கள் ஆண் பாளையாகவும், அடுத்து சில மாதங்கள் பெண் பாளையாகவும் மாறி மாறித் தோன்றும். எனவே பெண் பாளை விரியும் சமயத்தில் அந்த மரத்தில் பெரும்பாலும் மகரந்தம் இருக்காது. வேறு மரத்திலிருந்துதான் வர வேண்டும். பெண் பூ மகரந்தத்தை ஏற்கும் காலமோ இரண்டு மூன்று நாள்தான். அந்த நாட்களில் சூல்முடி வெளிர் மஞ்சளாக இருக்கும், பிறகு சிவந்துவிடும். சிவந்த பின் மகரந்தம் வந்து பயனில்லை.

இந்த மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டு ஜாவா தீவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அங்கிருந்துதான் தென்கிழக்கு ஆசியாவில் இப்பயிர் பரவியது. மலேயாவில் 1917இல் வணிக முறையில் நடவு தொடங்கிற்று. மலேசியத் தமிழர்கள் இதைச் செம்பனை என்பார்கள். மரம் வந்ததே தவிர, அதனோடு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த வண்டு வரவில்லை. அதை யாரும் பெரிதாக எண்ணவும் இல்லை. காற்றே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது என்பது அக்காலத்தில் நிபுணர்களின் கருத்து.

ஆனால் குலைகள் வேறு கதை சொல்லின. வெளிப்பக்கத்தில் பழம், உட்பக்கத்தில் பருப்பில்லாத சிறு காய்கள். இளந்தோப்புகளிலும் மழை மிகுந்த சபா பகுதியிலும் நிலைமை இன்னும் மோசம். வேறு வழியின்றித் தொழிலாளர்களைக் கொண்டு கைச்சேர்க்கை செய்தனர். மகரந்தத்தை டால்க் பவுடருடன் கலந்து ஊதுகுழாயில் எடுத்துக் கொண்டு, விரிந்த பெண் பாளை எது என்று மரம் மரமாகப் பார்த்து ஊதிவிட வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை தோட்டம் முழுவதும் சுற்றி வர வேண்டிய வேலை இது. மரம் உயரமானால் இன்னும் சிரமம். தோட்டங்களுக்கு இது பெரும் செலவாயிற்று.

லெஸ்லி டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யூனிலீவர் கம்பெனியின் தோட்டங்களில் பணியாற்றியவர். ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டில் இருந்தபோது, அங்கே யாரும் கைச்சேர்க்கை செய்யாமலே குலைகள் நிரம்பி வருவதைக் கவனித்தார். பாளைகளில் வண்டுகள் மொய்ப்பதையும் பார்த்தார். பிற்காலத்தில் இதை ஆராயும் பொறுப்பு பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் நிபுணர் டாக்டர் ஆர்.ஏ. சையது அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சையது காமரூன் சென்று பாளைகளுக்கு வரும் பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். மகரந்தச் சேர்க்கைக்குப் பூச்சிகளே முக்கியம், அவற்றிலும் எலாய்டோபியஸ் காமரூனிகஸ் என்னும் கூன்வண்டே சிறந்தது என்று கண்டார். மழைக்காலம், வறண்ட காலம் இரண்டையும் தாங்கும் வண்டு அது.

வேற்று நாட்டுப் பூச்சியைக் கொண்டு வருவது விளையாட்டுக் காரியமல்ல. வேறு பயிர்களுக்குத் தாவுமா என்று முதலில் சோதித்தார்கள். இந்த வண்டு எண்ணெய்ப்பனையின் ஆண் பாளையில் மட்டுமே முட்டையிட்டுப் பெருகுகிறது என்பது உறுதியான பிறகே, 1981ஆம் ஆண்டு மலேசியாவில் ஜொகூரிலும் சபாவிலும் விடப்பட்டது. வண்டு வெகு வேகமாகப் பரவிற்று. உட்பக்கக் காய்களும் திரண்டு, குலைகள் கனத்தன. பழங்கள் நெருக்கமாக அமைந்ததால் ஆலையில் குலையிலிருந்து உதிர்ப்பதே கடினமாகிவிட்டது என்றால் பாருங்கள்! கைச்சேர்க்கை கைவிடப்பட்டது.

வண்டு எப்படிச் சரியான மரத்துக்குப் போகிறது? வாசனைதான் வழிகாட்டி. ஆண் பாளை மலர்ந்ததும் சோம்பு போன்ற மணம் கமழும். மூக்கு வைத்துப் பார்த்தால் நமக்கே தெரியும். இந்த மணத்துக்குக் காரணமான முக்கியப் பொருள் எஸ்ட்ரகோல் என்று மலேசிய ஆராய்ச்சியாளர்கள் 1980களில் பிரித்துக் காட்டினர். ஆண் பாளையில் வண்டுக்கு உணவு உண்டு. முட்டையிட இடமும் உண்டு. பூ வாடிய பிறகு புழுக்கள் அந்த வாடிய பூக்களைத் தின்று வளர்கின்றன. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் புதிய வண்டுகள் வெளிவரும்.

பெண் பாளையில் வண்டுக்கு உணவு கிடையாது, முட்டையிட இடமும் கிடையாது. ஆனாலும் பெண் பூ மகரந்தம் ஏற்கும் நேரத்தில் அதே சோம்பு மணத்தை, குறைந்த அளவில், விட்டு விட்டு வெளியிடுகிறது. ஆண் பாளைதான் என்று ஏமாந்து, மேலெல்லாம் மகரந்தத்துடன் வண்டு வருகிறது. முட்களுக்கிடையே நுழைந்து உள்ளே இருக்கும் பூ வரை ஊர்ந்து தேடுகிறது. ஒன்றும் இல்லாததால் திரும்பிப் போகிறது. அதற்குள் மகரந்தம் சூல்முடியில் ஒட்டிவிடும். காற்றில் பறக்கும் மகரந்தம் குலையின் வெளிப்புறத்தோடு நின்றுவிட, வண்டு உட்புறம் வரை போவதற்கு இந்த ஏமாற்றமே காரணம். மரத்தின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

இந்தியாவுக்கு இந்த வண்டு 1985இல் கேரளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் மற்ற மாநிலத் தோப்புகளுக்கும் சென்றது. தமிழ்நாட்டு விவசாயிகள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

நட்டதிலிருந்து சுமார் இரண்டரை முதல் மூன்று ஆண்டு வரை தோன்றும் பாளைகளை நீக்கிவிடுவது வழக்கம். அதை நிறுத்தியதும் வண்டு வந்து சேர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் வேறு தோப்பு இல்லாவிட்டால் தானாக வராது. வண்டு நிறைந்த வயதான தோப்பிலிருந்து, மலர்ந்த ஆண் பாளையின் கதிர்களை வெட்டி, துணிப்பையில் கட்டி எடுத்து வந்து, நம் தோப்பில் ஆண் பாளை மலர்ந்துள்ள மரங்களில் வைக்கலாம். நோயும் பிற பூச்சியும் இல்லாத தோப்பாகப் பார்த்து எடுப்பது அவசியம். தோட்டக்கலைத் துறையினரைக் கேட்டுச் செய்தல் நலம்.

வாடிய ஆண் பாளையைக் குப்பை என்று வெட்டி எரிக்கக் கூடாது. அடுத்த தலைமுறை வண்டு அதற்குள்தான் இருக்கிறது. மலர்ந்த பாளைகள் மீது பூச்சிமருந்து படவே கூடாது. வேறு பூச்சிக்கு மருந்து தேவைப்பட்டால், பாளையை விலக்கி, பாதித்த மரத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். நல்ல பராமரிப்பில் உள்ள இளந்தோப்பில் பெண் பாளைகளே அதிகமாக வரும். வறட்சியில் வாடிய தோப்பில் ஆண் பாளை மிகும். எனவே, நன்றாகக் கவனித்த தோப்பில் ஆண் பாளை குறைந்து, மகரந்தமும் வண்டும் இன்றிக் குலை பொக்காவது உண்டு. அப்போது உரத்தைக் கூட்டிப் பயனில்லை. சேர்க்கை நடந்து பழம் முதிர ஐந்தாறு மாதம் ஆகும் என்பதால், இன்று வெட்டும் குலை பொக்காக இருந்தால் குறை ஐந்தாறு மாதத்துக்கு முன் நேர்ந்தது. அந்தச் சமயம் அடைமழையா, மருந்து தெளித்தோமா, ஆண் பாளை இருந்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எலியையும் மறக்க வேண்டாம். வாடிய ஆண் பாளையைப் பிய்த்து உள்ளிருக்கும் புழுக்களைத் தின்பது எலிக்கு மிகவும் பிடித்தமானது. பாளை பிய்ந்து கிடந்தால், எலி பழத்தைக் கடிக்கும் வரை காத்திராமல் அப்போதே பொறி வைத்துவிடலாம்.