வண்டியேறிய மறையுரை

மார்மன் சபையாரின் கோட்பாடுகள் பல நமக்கு உடன்பாடானவை அல்ல. எனினும், 1856 அக்டோபர் 5-ஆம் நாள் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் அவர்கள் நடத்திய மாநாட்டை நாம் வியப்புடனே நோக்குகிறோம். ஐரோப்பாவினின்று குடிபெயர்ந்த அச்சபையின் ஏழைக் குடும்பங்கள், கைவண்டிகளைத் தாமே இழுத்துக்கொண்டு நெடுவழியில் தவித்தன; குளிர்காலமோ நெருங்கியது. (அவர்களைக் காலந்தாழ்த்திப் புறப்பட விட்டது பெரும் பிழையே.)

அன்று பேசிய சபைத் தலைவர் பிரிகாம் யங், கோவேறு கழுதைகளும் வண்டியோட்டிகளும் 12 டன் மாவும் கேட்டார். அம்மக்களை மீட்பதே தமது மதம் என்றார். பெண்கள் வீடு திரும்பும்வரை காத்திராமல், அங்கேயே தங்கள் உட்பாவாடைகளையும் காலுறைகளையும் கழற்றிக் குவித்தனராம்! ஞாயிறு மறையுரை நம் இல்லங்களில் செயலாக எத்தனை நாள் ஆகிறது?

7-ஆம் நாளே முதல் வண்டிகள் புறப்பட்டன. குளிரிலும் பசியிலும் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோரில் கடைசிக் கைவண்டிக் குழுவினர் நகரையடைந்த நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. யங் பிற்பகல் வழிபாட்டையே நிறுத்தி, பெண்களை வீடு சென்று உணவு சமைக்கச் சொன்னார்.