புதிய கட்டடமும் பிரதேச சபைக்குச் செலுத்தும் பணமும்

வட்டவளை போன்ற மழைப் பிரதேசத்தில் பாதையோரம் ஒரு மாடிக்கடை எழும்பினால், அதன் கூரைத் தண்ணீர் கீழேயுள்ள குடியிருப்பின் வாசலுக்குத்தான் வரும். கான் வெட்டவும் பாதை திருத்தவும் பணம் வேண்டும். கட்டுபவர்கள் சபைக்குச் சில கட்டணங்களையும் வரிகளையும் செலுத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மண்சரிவினால் இடம்பெயர்ந்து, புதிய காணிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது. நாளை நீங்களும் கட்டப்போகிறவர்கள்.

கட்டடம் சிறியதோ பெரியதோ, அத்திவாரம் வெட்டுமுன் பிரதேச சபையில் அனுமதி பெறவேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதியானால் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் தேவை. மற்றப் பகுதிகளில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பொருந்தும். இரண்டுக்கும் விண்ணப்பம் கொடுக்கும் இடம் சபை அலுவலகமே. காணி உறுதி, நில அளவையாளரின் வரைபடம், கட்டட வரைபடம் ஆகியவற்றுடன், நுவரெலியா மாவட்டத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு பற்றிய சிபாரிசும் கேட்பார்கள். இதை வீண் அலைச்சல் என்று எண்ணவேண்டாம். வட்டவளையில் 1990களின் தொடக்கத்தில் புகையிரதப் பாதையே சரிந்தது. 2025 நவம்பரில் மலைநாடு பட்டதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கட்டணம் கட்டடத்தின் பரப்பையும் பயன்பாட்டையும் பொறுத்தது. குடியிருக்கும் வீட்டுக்குக் குறைவு, கடைக்கும் விடுதிக்கும் கூட. அனுமதியின்றிக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் கட்டணம் மிகவும் கூடும். நீதவான் நீதிமன்றம் இடிக்கக் கட்டளையிடவும் கூடும். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் பெறவேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள்.

காணியைத் துண்டுபோட்டு விற்பவர்களுக்கு வேறு கடமைகளும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, ஏலத்திலோ தரகர் மூலமோ காணி விற்கப்பட்டால் விலையில் நூற்றுக்கு ஒரு வீதம் சபைக்கு வரியாகச் சேரவேண்டும். 40 இலட்சம் ரூபாவுக்கு விற்றால் 40,000 ரூபா. அதைச் செலுத்த வேண்டியவர் விற்கும் ஏலக்காரரோ தரகரோதான், வாங்குபவர் அல்லர். பிரகடனப்படுத்தப்பட்ட பகுதியில் ஒரு ஹெக்டயருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால், பாதைகளைக் கழித்து மிகுதியில் பத்திலொரு பங்கைப் பொதுத் தேவைக்கு விடவேண்டும். மூன்று ஏக்கர், அதாவது 480 பேர்ச் காணியில் பாதைக்கு 80 பேர்ச் போனால், மிகுதி 400இல் 40 பேர்ச் ஊருக்கு. பிள்ளைகள் விளையாட அது ஒரு சிறு திடல். அதையும் வேலியடைத்து விற்றுவிட்டால் கேட்பவர் யார்?

இங்கிலாந்தில் 2010 முதல் உள்ள முறையில், புதிய கட்டடத்தின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் உள்ளூராட்சி பணம் அறவிடலாம். அதில் குறைந்தது 15 வீதம், எல்லைக்கு உட்பட்டு, கட்டடம் எழும்பும் ஊரின் சிறு சபைக்குப் போகும். தன் குடும்பத்துக்கு வீடு கட்டுபவருக்கு விலக்கு உண்டு. ஆனால் வேலை தொடங்குமுன் கேட்டால் மட்டுமே.

நம்மிடம் உள்ள குறை வேறு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடை இருந்தது. நாம் வாக்களித்த சபை, நம் லயன் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியவில்லை! 2018ஆம் ஆண்டில்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. காணி உறுதி இல்லாத சிக்கல் இன்னும் பலருக்குத் தீரவில்லை. ஏழு பேர்ச்சில் வீடு இருந்தும் உறுதி கையில் இல்லாதவரின் விண்ணப்பம் முதல் கடதாசியிலேயே நின்றுவிடுகிறது. ஆகையால் மாற்றுக்காணி தரப்படும்போது, வீட்டுத் திறப்போடு உறுதியையும் எழுத்தில் கேளுங்கள்.

செலுத்தும் எந்தப் பணத்துக்கும் சபையின் பற்றுச்சீட்டு வேண்டும். தரகர் கையில் கொடுத்த பணம் கணக்கில் ஏறாது. உங்கள் டிவிஷனருகே எழும்பும் கட்டடத்துக்கு அனுமதி உண்டா, எவ்வளவு அறவிடப்பட்டது, அந்த ஆண்டில் உங்கள் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்கவேண்டும். விண்ணப்பத்தின் பிரதியொன்றைத் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.