சர்க்கரையை மட்டும் பார்த்தால் போதுமா?

சுகர் உள்ள இருவர் காலை நடையில் சந்தித்துக்கொண்டால், ‘பாஸ்டிங் எவ்வளவு வந்தது?’ என்றுதான் பேச்சு தொடங்கும். ‘பிரஷர் எவ்வளவு?’ என்று விசாரிப்பவர் அபூர்வம். ஆனால் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பவை மாரடைப்பும் பக்கவாதமும்தான்.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனை ஒட்டிய ஸ்டெனோ நீரிழிவு மையத்தில் 1993இல் ஓர் ஆய்வு தொடங்கியது. எடுத்துக்கொண்டது 160 பேரைத்தான். எல்லோருக்கும் இரண்டாம் வகை நீரிழிவு. சிறுநீரில் கொஞ்சமாக அல்புமின் புரதம் கசிய ஆரம்பித்திருந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடித்தார்கள். உணவு, உடற்பயிற்சி, புகைப்பதை விடுவது என எதையும் விட்டுவைக்கவில்லை.

ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்ற 80 பேரில் 35 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் வந்திருந்தன. தீவிர சிகிச்சை பெற்றவர்களில் 19 பேருக்கு மட்டுமே. இதில் என்னை உலுக்கியது வேறொன்று. மூன்று மாதச் சராசரியை (ஹெச்பிஏ1சி) 6.5க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்ற இலக்கைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே நூற்றுக்கு 15 பேர்தான் எட்டினார்கள். கொழுப்பு இலக்கை எட்டியவர்களோ நூற்றுக்கு 70 பேருக்கு மேல். சர்க்கரை முழுசாக வசப்படாமலேயே இதயம் காப்பாற்றப்பட்டிருக்கிறது!

ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினருக்கும் தீவிர சிகிச்சையே தரப்பட்டது. ஆனாலும் தொடங்கி 21 ஆண்டுகள் ஆனபோது, முதலிலிருந்தே அதைப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். தாமதமாகக் கிடைத்த சிகிச்சையால் அந்த இடைவெளியை ஈடுகட்ட முடியவில்லை.

சர்க்கரையை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரிடம் நடந்த ‘அக்கார்ட்’ ஆய்வில், மூன்று மாதச் சராசரியை 6க்குக் கீழே இறக்க முயன்ற பிரிவில் இறப்புகள் கூடின. 2008இல் அந்தச் சிகிச்சையை நடுவிலேயே நிறுத்தினார்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் பிழைக்க அது கட்டாயம் வேண்டும். அது ஒன்றே போதும் என்று இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றாலும் சேதம் நடக்கும் இடம் ரத்தக்குழாயின் உட்சுவர். அதிகச் சர்க்கரை அந்த மெல்லிய படலத்தைப் பழுதாக்குகிறது. அழுத்தம் அதை இடைவிடாமல் தாக்குகிறது. பழுதான இடத்தில் கெட்ட கொழுப்பு உள்ளே புகுந்து படிகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் இந்தப் பழுது சீக்கிரமே வெளிப்பட்டுவிடும். புரதம் கசிவது அதனால்தான். சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் இருந்தால் சிறுநீரகத்தோடு இதயத்தையும் கவனிக்க வேண்டும். வலியோ வீக்கமோ இல்லாத கட்டத்திலேயே இது தெரிந்துவிடும். காலைச் சிறுநீர் கொஞ்சம் கொடுத்தால் போதும். ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டிய இந்தப் பரிசோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கசிவு இருந்தால் ரமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளை மருத்துவர்கள் எழுதுவார்கள். இவை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் தணிக்கின்றன. சிலருக்கு இவற்றால் வறட்டு இருமல் வரும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு இருமல் மருந்து வாங்கிக் குடிப்பவர்கள் உண்டு. மருத்துவரிடம் சொன்னால் லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் வகைக்கு மாற்றித் தருவார். அவற்றில் இந்த இருமல் அரிது.